ஹரிக்கேன் சீசனுக்குள்ள கடையையும் கணக்கையும் எப்படித் தயார் பண்றது? (பெரில்ல பட்ட அனுபவம், உதவி தேவை)

மல்லிக்கட்டு | மே 20, 2025

எல்லாருக்கும் வணக்கம். ஹூஸ்டன் பக்கம் ஷுகர்லேண்ட்ல இந்திய மளிகைக்கடை வச்சிருக்கோம். நானும் வீட்டுக்காரரும், வேலைக்கு நாலு பேர். ஹரிக்கேன் சீசன் தொடங்கற ஜூன் 1 வர இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு. போன வருஷம் மாதிரி இந்த வருஷமும் மாட்டிக்கக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2024 ஜூலை 8, திங்கட்கிழமை விடியக்காலை பெரில் புயல் டெக்சாஸ்ல மட்டகோர்டா பக்கம் கரையைக் கடந்துச்சு. கேட்டகரி 1 (காத்து வேகத்தை வச்சு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் போடற எண்). கரீபியன்ல கேட்டகரி 5 வரைக்கும் போன புயல், நம்ம கிட்ட வரும்போது ஒண்ணாக் குறைஞ்சிடுச்சேன்னு நிம்மதியாத்தான் இருந்தோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வெளியில இருந்த தொட்டி, பலகையெல்லாம் உள்ள எடுத்து வச்சோம். கண்ணாடி ஓரமா அரிசி மூட்டையை அடுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டோம்.

காலையில வந்து பார்த்தா கண்ணாடியில ஒரு கீறல் இல்ல. தரையில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. பின்னாடி ரூமைத் திறந்தப்பதான் தெரிஞ்சது. கூரை மேல ஏசி யூனிட்டைச் சுத்தி இருந்த தகரம் பிச்சுக்கிட்டுப் போயிருக்கு. அந்த வழியா மழை இறங்கி, சீலிங் டைல் ஊறிப்போய் மொத்தமா பில்லிங் கம்ப்யூட்டர் மேல விழுந்து கிடக்கு. பக்கத்துலயே பேக்கப்புக்குன்னு வாங்கின ஹார்ட் டிஸ்க். அதுவும் அதே மேசையில, அதே தண்ணியில.

ஏழு நாள் கரண்ட் இல்ல. ஹூஸ்டன் சுத்துவட்டாரத்துல 20 லட்சத்துக்கும் மேல இணைப்புகள் இருண்டு போன சமயம் அது. ஃப்ரீசர்ல இருந்த வஞ்சிரம், தேங்காய்த் துருவல், பரோட்டா, மாம்பழக் கூழ் எல்லாம் குப்பைக்குப் போச்சு. அஞ்சாம் நாள் கதவைத் திறந்தப்ப வந்த வாடை இன்னும் எனக்கு மறக்கல.

சரக்கு போனதைக்கூடத் தாங்கிக்கலாம். கணக்கு போனதுதான் என்னை உடைச்சிடுச்சு. டேட்டா ஃபோல்டர் கிளவுடுக்குத் தானா ஏறுதுன்னு நம்பிக்கிட்டு இருந்தோம், மூலையில பச்சை டிக் தினமும் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. புது லேப்டாப் வாங்கி இறக்கிப் பார்த்தா, கடைசியா ஏறின தேதி மார்ச் 14. நாலு மாசக் கணக்கு இல்ல. சப்ளையருக்கு யாருக்கு எவ்வளவு பாக்கி, கேட்டரிங் ஆர்டருக்கு யார் அட்வான்ஸ் குடுத்தாங்க, பணியாளர்கள் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தாங்க, ஒண்ணுமே தெரியல.

அந்த வெள்ளிக்கிழமை சம்பள நாள். கிச்சன்ல இருக்கிற அம்மா ஒருத்தங்க கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாங்க. வந்த நேரம், போன நேரம், தினமும் பென்சில்ல குறிச்சு வச்சிருந்தாங்க. தன்னோடது மட்டும் இல்ல, கூட வேலை பார்க்கிற மூணு பேரோடதும். அதை வச்சுத்தான் நாலு பேருக்கும் செக் எழுதினோம்.

இந்த வருஷம் ஒழுங்கா செய்யணும். பெரிய கம்பெனி இல்ல, ஐடி ஆள் வச்சுக்க வசதி இல்ல. எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?

---

கடலோரக்_கணினி | மே 20, 2025

அக்கா, டாம்பாவுல சின்ன ஆபீஸ், கிளினிக், கடைகளுக்கு கம்ப்யூட்டர் பார்த்துக் குடுக்குறவன் நான். அந்தப் பச்சை டிக் உங்களை ஏமாத்தின விதத்தை இங்க நாலஞ்சு இடத்துல பார்த்துட்டேன்.

பில்லிங் சாஃப்ட்வேர் ஓடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அதோட டேட்டாபேஸ் ஃபைல் திறந்த நிலையிலேயே பூட்டிக் கிடக்கும். பல சிங்க் செயலிகள் அந்த ஃபைலைத் தொடவே முடியாம தாண்டிப் போயிடும். மத்த ஃபைல் எல்லாம் ஏறிட்டதால டிக் பச்சையாவே இருக்கும். மார்ச் 14 அன்னைக்கு ஏதோ அப்டேட்டுக்காக சாஃப்ட்வேரை மூடியிருப்பீங்க, அதனால அன்னைக்கு மட்டும் ஏறியிருக்கும். இன்னொரு விஷயம், சிங்க் வேற, பேக்கப் வேற. இங்க ஃபைல் கெட்டுப்போனா அந்தக் கெட்ட ஃபைலையே கிளவுடுக்கும் அனுப்பி வைக்கிறதுதான் சிங்க். பழைய பதிப்பு தனியா இருக்கணும்.

செய்ய வேண்டியது இதுதான். உங்க சாஃப்ட்வேர்லயே "பேக்கப்"னு ஒரு வசதி இருக்கும். தினமும் கடை மூடினதும் அது தேதியோட தனி ஃபைலா ஒரு பிரதி எடுக்கணும். கிளவுடுக்கு அந்தப் பிரதிதான் போகணும். ஹார்ட் டிஸ்க் ரெண்டு வாங்குங்க. ஒண்ணு கடையில, ஒண்ணு வீட்டுல, வாரம் ஒருமுறை மாத்துங்க. மூணு பிரதி, ரெண்டு வகை ஊடகம், ஒண்ணு வெளியிடத்துலன்னு எங்க தொழில்ல சொல்ற 3-2-1 கணக்கு இதுதான். பீட்டர் க்ரோக்னு ஒரு புகைப்படக்காரர் தன்னோட படங்களைக் காப்பாத்தச் சொன்ன முறை அது. உங்க ஊர் மாதிரி இடத்துக்கு "வெளியிடம்"னா பக்கத்துத் தெரு இல்ல. ஒரே புயல் ரெண்டையும் தொடாத தூரத்துல இருக்கணும்.

போன வருஷம் எங்களுக்கு 13 நாள்ல ரெண்டு புயல். செப்டம்பர் 26 ஹெலீன். அது நூறு மைலுக்கு அப்பால கடல்லயே தாண்டிப் போச்சு, ஆனா டாம்பா வளைகுடாவுல கடல் ஏறி வந்துடுச்சு. அக்டோபர் 9 மில்டன். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல ஒரு பல் டாக்டர், ஹெலீன் தண்ணி வடிஞ்சதும் நனைஞ்ச சாமான், கார்பெட் எல்லாத்தையும் ரோட்டோரம் குவிச்சிருந்தார். அதை அள்ளிட்டுப் போறதுக்குள்ள மில்டன் வந்துடுச்சு. சர்வரை மட்டும் முதல் புயலுக்கு முன்னாடியே தரையிலிருந்து எடுத்து மாடிக்கு ஏத்தியிருந்தோம். நோயாளிகளோட எக்ஸ்ரே எல்லாம் அதனாலதான் பொழைச்சுது.

---

நீலவானம் | மே 21, 2025

நல்ல இழை. ஆனா இவ்வளவு சிரமம் எதுக்குன்னு தோணுது. 2025ல யாரு கடைக்குள்ள டேட்டாபேஸ் வச்சுக்கிறாங்க? கிளவுட்ல ஓடுற பிஓஎஸ்ஸுக்கு (பில் போடற சாஃப்ட்வேர்) மாறிடுங்க. மாசம் நூறு, நூத்தம்பது டாலர் ஆகும். கம்ப்யூட்டர் நனைஞ்சா புது டேப்லெட் வாங்கி லாகின் பண்ணா வேலை முடிஞ்சது. ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கும் கடைக்கும் அலையிற காலம் போயிடுச்சு.

---

யாழ்_ஹட்சன் | மே 21, 2025

நீலவானம், நீங்கள் சொல்லுறதில பாதி சரி. மற்றப் பாதிக்கு என்ர அனுபவத்தைச் சொல்லுறன்.

2012இல சாண்டி புயல் வந்த நேரம் நான் நியூ ஜேர்சியில ஒரு சின்ன அச்சுக்கூடத்தில கணக்கு வேலை செய்தனான். ஒக்டோபர் 29 இரவு கரை தட்டினது. எங்கட கட்டடத்துக்கு ஒண்டும் நடக்கேல்லை. எங்கட வலைத்தளம், ஓடர் எடுக்கிற முறை எல்லாம் வெளியில "பாதுகாப்பான" இடத்தில எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தம். அந்தப் பாதுகாப்பான இடம் மன்ஹற்றன்ர தெற்கு முனையில, தண்ணி ஏறின பகுதியிலயே இருந்திருக்குது. ஆரும் கேட்டுப் பார்க்கேல்லை. "கிளவுட்" எண்டா அதுவும் ஆற்றையோ ஒரு கட்டடம்தானே.

அந்தப் பக்கம் 75 புறோட் ஸ்ட்ரீற் எண்ட கட்டடத்தின்ர கதை தெரிஞ்சவை இருப்பீங்கள். ஜெனரேற்றர் மேல் மாடியில, டீசல் தாங்கியும் பம்பும் நிலத்துக்குக் கீழ. உப்புத்தண்ணி கீழ இறங்கினதும் பம்ப் நிண்டிட்டுது. மேல ஜெனரேற்றர் நல்லா இருக்குது, எண்ணெய்தான் போய்ச் சேரேல்லை. பியர் 1 எண்ட ஹோஸ்ரிங் நிறுவனத்து ஆக்களும், அங்க சர்வர் வைச்சிருந்த ஸ்குவயர்ஸ்பேஸ், ஃபொக் கிறீக் ஆக்களும் வாளியில டீசலை அள்ளி 17 மாடி படியால காவிக் கொண்டுபோய் ஊத்தி ஓட வைச்சவை. எனக்கு அதில படிச்ச பாடம் ஒண்டு: எந்தச் சாமானும் எதை நம்பி ஓடுது எண்டு கடைசிக் கண்ணி வரைக்கும் போய்ப் பார்க்கோணும்.

இன்னொண்டு, பெற்றோல். சாண்டிக்குப் பிறகு நியூ ஜேர்சியில 12 கவுண்டியில நம்பர் பிளேட் ஒற்றை, இரட்டை பார்த்துத்தான் பெற்றோல் தந்தவை. ஜெனரேற்றர் வாங்குற ஆக்கள் எண்ணெய் எங்க எடுக்கிறது எண்டதையும் இப்பவே யோசியுங்கோ.

---

கடலோரக்_கணினி | மே 21, 2025

யாழ் அண்ணா சொன்னதுக்கு இன்னொரு சாட்சி. வட கரோலினாவுல ஆஷ்வில் மலை ஊர். கடல்ல இருந்து அவ்வளவு தூரம், ஹரிக்கேன் பயமே இல்லாத இடம்னு எல்லாரும் நினைச்ச ஊர். அமெரிக்க அரசோட தட்பவெப்பத் தரவுக் காப்பகம், என்சிஇஐ, அங்கதான் இருக்கு. புயல் வரலாறு மொத்தத்தையும் சேமிச்சு வச்சிருக்கிற இடம். ஹெலீன் வந்தப்ப அதுவே ஆஃப்லைன் ஆயிடுச்சு. கட்டடத்துக்குத் தண்ணி சப்ளை இல்ல, நெட் குடுக்கிற நிறுவனமும் படுத்துடுச்சு. தாள், ஃபிலிம் உட்பட சேமிச்ச தரவு எல்லாம் பத்திரமாத்தான் இருந்துச்சு. ஆனா கை நீட்டி எடுக்க முடியல.

மல்லிக்கட்டு அக்கா கேட்ட கேள்விக்கு இதுதான் முக்கியம்னு நான் நினைக்கிறேன். தரவு அழியறது ஒரு பிரச்சினை. தரவு இருந்தும் எட்ட முடியாமப் போறது இன்னொரு பிரச்சினை. ரெண்டாவதுதான் அடிக்கடி நடக்குது, அதுக்குத்தான் யாரும் தயாரா இருக்கிறதில்ல. கிளவுட் பிஓஎஸ் நல்லதுதான், நானே பல பேருக்குப் போட்டுக் குடுக்குறேன். ஆனா புயலுக்கப்புறம் கரண்ட் போயி சில மணி நேரத்துல செல் டவர் பேட்டரியும் தீர்ந்தா, டேப்லெட் வெறும் பலகைதான். ஆஃப்லைன்ல எத்தனை நாள் பில் போட முடியும், கார்டு தேய்ச்சா என்ன ஆகும்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேளுங்க. ஆஃப்லைன்ல எடுத்த கார்டு பின்னாடி செல்லாமப் போனா அந்த நஷ்டம் பெரும்பாலும் கடைக்காரர் தலையிலதான் விழும்.

---

நீலவானம் | மே 21, 2025

ஒத்துக்கிறேன். ஆஃப்லைன் விஷயத்தை நான் யோசிக்கல. எங்க ஆபீஸ் பிஓஎஸ்ல பார்த்தேன், 24 மணி நேரத்துக்கு மேல நெட் இல்லேன்னா பூட்டிக்கும்னு போட்டிருக்கு. மூணு வருஷமா யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்ல.

---

குடைக்காரர் | மே 22, 2025

ஹூஸ்டன் பக்கம் கேட்டிங்கிற ஊர்ல இன்ஷூரன்ஸ் வேலை பார்க்கிறேன். விற்க வரல, தேதி முக்கியம்னுதான் எழுதறேன்.

கடை இன்ஷூரன்ஸ் இருக்கு, எல்லாம் சரின்னு நினைக்கிறவங்க பாலிசியை இன்னைக்கே எடுத்துப் பாருங்க. வெளியிலிருந்து வெள்ளமா வர்ற தண்ணி சாதாரண வணிக பாலிசியில பெரும்பாலும் சேராது. மேலிருந்து, காத்து கிழிச்ச ஓட்டை வழியா வர்ற மழை வேற கணக்கு. மல்லிக்கட்டு அம்மா கதையில வந்தது ரெண்டாவது வகை. வெள்ளத்துக்குத் தனி பாலிசி வேணும். அரசு திட்டமான என்எஃப்ஐபியில கடைக்குக் கட்டடம் 5 லட்சம் டாலர், உள்ள இருக்கிற சாமான் 5 லட்சம் டாலர் வரைக்கும்தான் உச்சம். வாடகைக் கடைக்காரங்க சாமானுக்கு மட்டும் எடுக்கலாம். கடை மூடிக் கிடக்கிறதால வருமானம் போச்சேன்னு கேட்டா அதுல ஒரு காசு வராது.

காத்திருப்புக் காலம் 30 நாள். இன்னைக்கு கையெழுத்துப் போட்டா ஜூன் 21ல இருந்துதான் செல்லும். வளைகுடாவுல பெயர் வச்ச புயல் ஒண்ணு சுத்த ஆரம்பிச்சுட்டா தனியார் நிறுவனங்களும் புதுசா பாலிசி போடுறதை நிறுத்திடுவாங்க. டிவியில படம் பார்த்துட்டு ஃபோன் பண்றவங்களுக்கு என்னால எதுவும் செய்ய முடியாது. வருஷா வருஷம் அந்த ஃபோன் எனக்கு வருது, வச்ச பிறகு ராத்திரி தூக்கம் வராது.

அடுத்தது டிடக்டபிள். காத்துக்கும் புயலுக்கும் அது பெரும்பாலும் சதவீதக் கணக்கு. 3 லட்சம் டாலர் கவரேஜ், 5 சதவீதம்னா முதல் 15,000 டாலர் உங்க கைக்காசு. அந்தப் பணம் பேங்க்ல இருக்கான்னு பார்த்துக்கோங்க. கடை மூடினதுக்கான இழப்பீடு எடுத்திருந்தாலும் பல பாலிசியில முதல் 72 மணி நேரம் சேராது. கரண்ட் கம்பம் உங்க இடத்துக்கு வெளியில விழுந்ததால மூடினீங்கன்னா, அதுக்குப் பாலிசியோட தனியா ஒரு கூடுதல் இணைப்பு வாங்கியிருக்கணும். உணவு கெட்டுப்போறதுக்கும் அப்படியே தனி இணைப்பு.

ஹார்வி நேரத்துல (2017 ஆகஸ்ட்) என் வாடிக்கையாளர்ல பாதிப் பேர் "நாங்க ஃப்ளட் ஜோன்ல இல்லியே"ன்னுதான் சொன்னாங்க. ராக்போர்ட் பக்கம் கேட்டகரி 4ஆ நுழைஞ்ச புயல், ஹூஸ்டன் மேல உட்கார்ந்தப்ப வெறும் டிராப்பிகல் ஸ்டார்ம், அதாவது ஹரிக்கேனை விடக் காத்து வேகம் குறைஞ்ச புயல். நெடர்லேண்ட்ல 60 அங்குலத்துக்கு மேல பெஞ்சுது. ஆடிக்ஸ், பார்க்கர் ஏரிகள் நிரம்பி, மேல் பக்கமும் கீழ் பக்கமும் வீடுகள் முங்குச்சு. கேட்டகரி நம்பர் காத்தோட வேகத்தை மட்டும்தான் சொல்லும். மழையையோ கடல் ஏறுறதையோ அது சொல்லாது. எத்தனை நாள் கரண்ட் இருக்காதுங்கிறதும் அதுல இல்ல.

---

எண்ணும்_எழுத்தும் | மே 22, 2025

வணக்கம். சென்னை வேளச்சேரியிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்காவில் உள்ள ஏழெட்டு சின்னக் கடைகளுக்கு இங்கிருந்து கணக்கும் சம்பளப் பட்டியலும் பார்த்துக் கொடுக்கிறோம். இந்த இழையில் என் பக்கத்துக்கும் இடம் உண்டு என்று நினைக்கிறேன்.

கடைசி வரியில் குடைக்காரர் சார் எழுதிய ஏரிக் கதையைப் படித்ததும் 2015 டிசம்பர் 1 ஞாபகம் வந்துவிட்டது. செம்பரம்பாக்கம் திறந்து, அடையாற்றுக் கரை முழுக்க முங்கிய இரவு. அடுத்து 2023 டிசம்பர் 3, 4. மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவில், பாபட்லா பக்கம். மூழ்கியது நாங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை, செல் சிக்னல் இல்லை. கையில் காசு இல்லாமல் ஜிபே-யை நம்பியிருந்தவர்கள் பால் பாக்கெட் வாங்கவும் திண்டாடினார்கள்.

அந்த வாரம் ஃப்ளோரிடாவில் ஒரு கடைக்குச் சம்பளம் போட வேண்டும். அங்கே வெயில் அடிக்கிறது. இங்கே நான் மொட்டை மாடியில் ஃபோனைத் தூக்கிப் பிடித்து ஒரு கோடு சிக்னலுக்கு நின்றுகொண்டிருக்கிறேன். ஓடிபி வருகிற எண் என் சிம்மில். கடைசியில் என் தம்பி முழங்கால் தண்ணீரில் நடந்து கிண்டி வரை போய், அங்கிருந்து அனுப்பினான். பதினொரு பேரின் சம்பளம் இரண்டு நாள் தள்ளிப் போனது. அந்த முதலாளி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது.

உங்கள் சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. எங்கள் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அக்டோபரும் நவம்பரும் இரண்டு பக்கமும் சேர்ந்தே ஆபத்துக் காலம். கணக்கு இந்தியாவில் இருக்கிறது, கவலை இல்லை என்று இருக்கும் கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் கணக்கரிடம் கேளுங்கள்: உங்களுக்கு ஒன்று ஆனால் அடுத்து யார், எந்த ஊரில்? மிக்ஜாமுக்குப் பிறகு நாங்கள் கோயம்புத்தூரில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டோம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இரண்டாவது அங்கீகாரம் அவர் பெயரில், அவர் ஃபோனில். மாதம் ஒரு சம்பளப் பட்டியலை அவரே முழுவதும் போடுகிறார், கை பழகுவதற்காக.

மல்லிக்கட்டு அக்கா, உங்கள் நாலு மாதக் கணக்கை எப்படித் திரும்பக் கட்டினீர்கள்?

---

மல்லிக்கட்டு | மே 23, 2025

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ஒவ்வொண்ணையும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.

தம்பி கேட்டதுக்குப் பதில். கார்டு கம்பெனி ஸ்டேட்மென்ட், பேங்க் ஸ்டேட்மென்ட் ரெண்டையும் வச்சு விற்பனையைக் கட்டினோம். சப்ளையர் ஒவ்வொருத்தருக்கும் ஃபோன் போட்டு இன்வாய்ஸ் திரும்ப அனுப்பச் சொன்னோம். ரெண்டு பேர் நாங்க மறந்துபோன பணத்தை அவங்களே சொல்லி வரவு வச்சாங்க, அந்த நல்ல மனசை மறக்க மாட்டேன். ரொக்க விற்பனைதான் கடைசி வரைக்கும் சரியா வரல. தினசரி இசட் ரிப்போர்ட் (அன்னைக்கு மொத்த விற்பனைக் கணக்கு) தாளைப் பத்து நாளைக்கு ஒருமுறை கிழிச்சுப் போடற பழக்கம் இருந்துச்சு. இப்ப ஒரு வருஷத்துத் தாள் டப்பாவுல இருக்கு.

இழப்பீடு கேட்டப்ப இன்ஷூரன்ஸ்காரங்க முதல்ல கேட்டது ஃப்ரீசர்ல என்னென்ன இருந்துச்சு, வாங்கின விலை என்னன்னு. இருந்த ஆதாரம் எல்லாம் அந்த நனைஞ்ச கம்ப்யூட்டருக்குள்ள. வாடை தாங்காம சரக்கையும் படம் எடுக்காம தூக்கிப் போட்டுட்டோம். கேட்டதுல பாதிகூட வரல.

---

குடைக்காரர் | மே 23, 2025

அம்மா, இதுக்கு அரை மணி நேரம் போதும். ஃபோனை எடுத்துக்கிட்டு கடை வாசல்ல இருந்து பின்கதவு வரைக்கும் நடந்துக்கிட்டே வீடியோ எடுங்க. ஒவ்வொரு அலமாரியும் ஃப்ரீசர் உள்பக்கமும் தெரியணும். மிஷின்ல ஒட்டியிருக்கிற சீரியல் நம்பர் கிட்டப் போய் நில்லுங்க. கூரைக்கு ஏற முடிஞ்சா அங்கயும் எடுங்க. சீசன் ஆரம்பத்துல ஒண்ணு, புயல் அறிவிப்பு வந்ததும் ஒண்ணு. எடுத்த உடனே ஊருக்கு வெளியில இருக்கிற சொந்தக்காரங்க ரெண்டு பேருக்கு அனுப்பிடுங்க. கெட்டுப்போன சரக்கை வீசறதுக்கு முன்னாடியும் பெட்டி பெட்டியா படம்.

எஸ்பிஏ (சின்னத் தொழில்களுக்கான அமெரிக்க அரசு அமைப்பு) பேரிடர்க் கடன் கேட்கப் போனாலும் வரி ரிட்டர்ன், கடன் பட்டியல் இதெல்லாம்தான் கேட்பாங்க. பேரிடர் அறிவிச்ச பிறகு பொருள் சேதத்துக்கு விண்ணப்பிக்க வழக்கமா 60 நாள்தான். வரித்துறையோட (ஐஆர்எஸ்) வெளியீடு 584-பி, தொழில் நஷ்டத்தைக் கணக்கு எடுக்கறதுக்குன்னே போட்ட பட்டியல் புத்தகம். சும்மா இருக்கிற நாள்லயே அதை நிரப்ப ஆரம்பிங்க.

---

யாழ்_ஹட்சன் | மே 24, 2025

ஹூஸ்டன் ஆக்களுக்கு ஒரு கேள்வி. பெரில் நேரம் எந்த ஏரியாவில கரண்ட் வந்திட்டுது எண்டு பேர்கர் கடை ஆப்பில பார்த்தவை எண்டு கேள்விப்பட்டன். உண்மையோ?

---

மல்லிக்கட்டு | மே 24, 2025

உண்மைதான் அண்ணா. போன வருஷம் மே மாசம் அடிச்ச சூறைக்காத்துல மின் நிறுவனத்தோட வரைபடம் செயலிழந்து, பெரிலுக்கும் அது சரியாகல. வாட்டாபர்கர் ஆப்ல எந்தக் கிளை திறந்திருக்குன்னு ஆரஞ்சு நிறத்துல காட்டும், மூடினது சாம்பல் நிறம். ஆரஞ்சு தெரியற பக்கம் கரண்ட் இருக்குன்னு அர்த்தம். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துத்தான் ஐஸ் வாங்க வண்டியை எடுத்தார்.

---

கடலோரக்_கணினி | மே 24, 2025

ஹூஸ்டன்காரங்க கிட்டயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 2001ல ஆலிசன், அது ஹரிக்கேன்கூட இல்ல, டிராப்பிகல் ஸ்டார்ம். டெக்சாஸ் மெடிக்கல் சென்டர்ல தண்ணி பேஸ்மென்ட்டுக்குள்ள இறங்கி, ஆராய்ச்சி விலங்குகள் ஆயிரக்கணக்குல செத்து, வருஷக்கணக்கான ஆராய்ச்சி வீணாப் போச்சு. மின்சாரப் பலகை, ஜெனரேட்டர் ஸ்விட்ச் எல்லாம் கீழதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் மின்சாரத்தை மேல ஏத்தி, நீர்மூழ்கிக் கப்பல் கதவு மாதிரி வெள்ளக் கதவு போட்டாங்க. 2017ல ஹார்வி வந்தப்ப அதே மெடிக்கல் சென்டர் பெரும்பாலும் இயங்கிக்கிட்டே இருந்துச்சு.

நம்ம அளவுக்கு அதையே செய்யலாம் அக்கா. கம்ப்யூட்டரைத் தரையிலிருந்தும் எடுங்க, ஏசி யூனிட்டுக்கு நேர் கீழ இருந்தும் எடுங்க. புயல் அன்னைக்குப் பிளக்கைப் பிடுங்கிட்டு, கனமான குப்பைப் பையால மூடிக் கட்டிட்டுப் போங்க. கரண்ட் திரும்ப வரும்போது வர்ற அதிர்ச்சியிலதான் பல மிஷின் சாகுது. ஃப்ரீசர் நிறைஞ்சிருந்தா மூடின கதவோட 48 மணி நேரம் தாங்கும், பாதி காலின்னா 24. ஜெனரேட்டர் வச்சா கதவு, ஜன்னல்ல இருந்து 20 அடியாவது தள்ளி வெளியில வைங்க. கடைக்குள்ள, ஷட்டருக்குக் கீழன்னு வச்சு ஒவ்வொரு புயலுக்கப்புறமும் புகையில குடும்பத்தோட போறாங்க. இதை மட்டும் தயவுசெஞ்சு விளையாட்டா எடுத்துக்காதீங்க.

எல்லாத்தையும் செஞ்சு முடிச்சதும் ஒரு நாள் மெயின் ஸ்விட்சை அணைச்சுப் பாருங்க. நிஜமாவே அணைங்க.

---

மல்லிக்கட்டு | ஜூன் 10, 2025

நேத்து திங்கட்கிழமை, கடை விடுமுறை. காலையில பத்து மணிக்கு மெயினை அணைச்சோம். ஃப்ரீசர் உட்பட எல்லாம், ஆறு மணி நேரம். நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

முதல் நிமிஷமே நெட் போச்சு. மோடத்துக்கும் ரவுட்டருக்கும்னு யூபிஎஸ் வாங்கி மாட்டியிருந்தோம். பின்னாடி திருப்பிப் பார்த்தா எட்டு சாக்கெட்ல நாலுதான் பேட்டரியில ஓடும், மிச்ச நாலு சும்மா சர்ஜ் தடுப்பு. ரவுட்டர் அந்தப் பக்கம் மாட்டியிருக்கு. பொடி எழுத்துல போட்டிருந்ததை யாரும் படிக்கல. மாத்தி மாட்டினதும் 50 நிமிஷம் நின்னுச்சு.

அடுத்தது ரீஸ்டோர். வீட்டுல இருந்த பழைய லேப்டாப்ல ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, பிரதியை ஏத்தினோம். சாஃப்ட்வேர் லைசென்ஸ் எண் கேட்டுச்சு. அது கடைக் கம்ப்யூட்டர் அடியில ஸ்டிக்கர்ல மட்டும்தான் இருக்கு. போன வருஷம் மாதிரி கம்ப்யூட்டர் நனைஞ்சிருந்தா அங்கேயே நின்னிருப்போம். படம் எடுத்து வச்சாச்சு. ஃபோன் ஹாட்ஸ்பாட்ல ஆக்டிவேட் பண்ணி, ரெண்டு மணி நாப்பது நிமிஷத்துல திரையில கணக்கு வந்துச்சு. சனிக்கிழமை இசட் ரிப்போர்ட் தாளைப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். சென்ட் சுத்தமா சரி. கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல. ஏன்னு தேடினா, பேக்கப் ராத்திரி 11 மணிக்கு ஓடும்னு வச்சிருந்தோம். ஞாயித்துக்கிழமை எங்க பையன் 9:30க்கே கம்ப்யூட்டரை அணைச்சிட்டுப் போயிடறான். இனிமே 9 மணிக்கு ஓடும், முடிஞ்சதும் என் ஃபோனுக்கு மெயில் வரும். மெயில் வரலேன்னாத்தான் கவலைப்படணும்னு பையன்கிட்டயும் சொல்லியிருக்கேன்.

வீட்டுக்காரர் ஊர்ல இல்லாத மாதிரி அவர் ஃபோனை வண்டியில வச்சுப் பூட்டிட்டோம். என்னால பே ரோலுக்குள்ள நுழையவே முடியல, ஓடிபி எண் அவர் ஃபோனுக்குத்தான் போகுது. இப்ப என் ஃபோனையும் சேர்த்தாச்சு. ஃபோன் இல்லேன்னாலும் உள்ள நுழைய உதவற மீட்பு எண்களைத் தாள்ல அச்சடிச்சு, ஜிப் பையில போட்டு ஒண்ணு டாலஸ்ல தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன். நம்ம சென்னைத் தம்பி சொன்னதைக் கேட்டு எங்க கணக்கர்கிட்டயும் இரண்டாவது ஆளு யாருன்னு கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னிருக்கார்.

ஃப்ரீசர்ல வாக்-இன் (ஆள் உள்ள நடந்து போற ரூம் மாதிரி இருக்கிறது) நல்லாத் தாங்குச்சு. கண்ணாடி மூடி போட்ட நீளப் பெட்டிகள்தான் வேகமா சூடாகுது. மேல தெர்மோகோல் பலகையும் கனமான போர்வையும் போட்டா வித்தியாசம் நல்லாத் தெரியுது. புயல் எச்சரிக்கை வந்தா மீனை எல்லாம் வாக்-இன்னுக்கு மாத்தறதுன்னு முடிவு.

வெள்ள பாலிசி மே 23 எடுத்தாச்சு, ஜூன் 22ல இருந்து செல்லும். குடைக்காரர் சாருக்கு நன்றி. புயல் வாரத்துல சம்பளத்தை ரெண்டு நாள் முன்னாடியே போட்டுடறதுன்னு நாலு பேர்கிட்டயும் சொல்லியாச்சு. வேலை நேரம் ராத்திரி ராத்திரி அச்சாகி வரும். ஆனாலும் கிச்சன் அம்மா கிட்ட ஒரு புது நோட்டும் ஒரு டப்பா பென்சிலும் வாங்கிக் குடுத்தேன். அதுக்கு வாரம் அரை மணி நேரம் தனிக் கூலி.

ஜூலை 7 திங்கட்கிழமை மறுபடி அணைக்கிறோம். இந்த தடவை நானும் வீட்டுக்காரரும் கடைக்கு வெளியில நிப்போம், பையனும் வேலைக்காரங்களும் மட்டும் பார்த்துக்கணும். முடிச்சிட்டு எழுதறேன்.